ஒலியிலா, ஒளியிலா? எல்ஏ-2ஏ வால்வு கம்ப்ரஸர் நகலின் பிழை நீக்கும் வழிமுறை

கலிபோர்னியாவின் பசடீனா நகரில் இயங்கிய டெலிட்ரானிக்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் லாரன்ஸ் 1960-களில் உருவாக்கிய எல்ஏ-2ஏ, வானொலி நிலையங்களில் ஒலிமட்டம் எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ளப் பிறந்த கம்ப்ரஸர், அதாவது உரத்த ஒலியைத் தானாகத் தாழ்த்தும் கருவி. பதிவுக்கூடங்கள் பிற்பாடுதான் அதைத் தமதாக்கிக்கொண்டன. நான்கே வால்வுகள், உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு ஒலி மின்மாற்றிகள், செருகிக் கழற்றக்கூடிய ஒரு சிறு பெட்டி என்று வரைபடம் ஒரே தாளில் அடங்கிவிடுவதால், வால்வுச் சுற்றுகளில் ஓரளவு பழகியவர்கள் பலரும் நகல் எடுக்க முதலில் தேர்ந்தெடுப்பது இதைத்தான். ஆனால் வரைபடத்தில் ஒரு சிறு கட்டமாக மட்டும் காட்டப்படும் அந்தப் பெட்டி, அதாவது டி4, மின்சாரத்தால் மட்டுமல்லாமல் வெளிச்சத்தாலும் இயங்குகிறது என்பதை மறந்துவிட்டுப் பிழை தேடுபவர் நாள்கணக்கில் வால்வுகளை மாற்றிக்கொண்டிருப்பார். என் முதல் நகலில் நானும் அதைத்தான் செய்தேன்.

சுற்று எப்படி ஓடுகிறது என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். உள்ளே வரும் ஒலி, அசலில் யுடிசி நிறுவனத்தின் ஏ-10 ஆக இருந்த மின்மாற்றியில் மின்னழுத்தம் கூட்டப்பட்டு, ஒரு தொடர் மின்தடை வழியாக டி4-இல் இருக்கும் ஒளி உணர் மின்தடையைச் சந்திக்கிறது. இந்த மின்தடை எர்த்துக்கு இணைக்கப்பட்டிருப்பதால், அதன் மேல் வெளிச்சம் விழ விழ மதிப்புக் குறைந்து, ஒலியில் ஒரு பங்கை எர்த்துக்கு வடித்துவிடுகிறது. மிஞ்சிய ஒலி அங்கிருந்து இரண்டாகப் பிரிகிறது. ஒரு கிளை, ஒலிப்பெருக்கத்தை அமைக்கும் கெயின் திருகு வழியாக முதல் 12ஏஎக்ஸ்7 வால்வுக்கும், பின் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட இரு பகுதிகளைக் கொண்ட 12பிஎச்7-க்கும், அசலில் யுடிசி ஏ-24 ஆக இருந்த வெளியீட்டு மின்மாற்றிக்கும் போகிறது. மற்றொரு கிளை, ஒலியை எவ்வளவு அமுக்க (தாழ்த்த) வேண்டும் என்பதை அமைக்கும் பீக் ரிடக்‌ஷன் திருகு வழியாக இரண்டாவது 12ஏஎக்ஸ்7-க்கும், அதன்பின் 6ஏக்யூ5-க்கும் போய், டி4-க்குள் இருக்கும் மின்னொளிர் தகட்டை எரிய வைக்கிறது. இந்தக் கிளையில் டயோடு எதுவும் இல்லை. ஒலியின் மாறுமின்னழுத்தமே நேரடியாகத் தகட்டை ஒளிர வைக்கிறது. கெயின் திருகு இந்தப் பிரிவுக்குப் பிறகு வருவதால், அதைக் கூட்டினாலும் குறைத்தாலும் அமுக்கத்தின் அளவு மாறாது. மாறினால் கம்பி தவறான இடத்தில் சாலிடர் செய்யப்பட்டிருக்கிறது.

ஆகவே எந்த அறிகுறியைக் கண்டாலும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கோளாறு ஒலிப்பாதையில் இருக்கிறதா, ஒளிப்பாதையில் இருக்கிறதா என்பதே. தமிழில் ஓரெழுத்து வேறுபாடாக இருக்கும் இந்த இரண்டையும் பிரித்தறிய, மின்சாரத்தை நிறுத்திவிட்டு டி4-ஐ அதன் எட்டுக்கால் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிவிட்டு மறுபடி இயக்கிப் பார்த்தால் போதும். டி4 இல்லாத நிலையில் கருவி வெறும் ஒலிப்பெருக்கி. பீக் ரிடக்‌ஷன் திருகுக்கு அப்போது வேலையே இல்லை. கோளாறு அப்படியே நீடித்தால் அது ஒலிப்பாதையைச் சேர்ந்தது. மறைந்துவிட்டால் டி4-உம் அதை இயக்கும் இரண்டு வால்வுகளும் சந்தேகத்துக்கு உரியவை.

கை வைக்கும் முன்

இந்தக் கருவியின் உயர் மின்னழுத்தம் உயிரை எடுக்கக்கூடியது, அதுவும் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் வடிகட்டும் மின்தேக்கிகளில் தங்கியிருக்கக்கூடியது. சில கிலோ ஓம் மதிப்பும் 5 வாட் தாங்கும் திறனும் உள்ள ஒரு மின்தடையைக் காப்பிட்ட முனைகளோடு தயாராக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் மின்தேக்கிகளை அதன் வழியாக வடித்து, மல்டிமீட்டரில் சுழியம் காட்டுவதைப் பார்த்த பிறகே உள்ளே விரல் வைக்க வேண்டும். இயங்கும் நிலையில் அளக்கும்போது கறுப்பு முனையைச் சேசிஸில் கிளிப் போட்டுவிட்டு ஒரு கையால் மட்டும் அளப்பதும், மற்றொரு கையைச் சேசிஸில் ஊன்றாமல் இருப்பதும் பழக்கமாகிவிட வேண்டும். டி4-க்குள் போகும் மின்னழுத்தமும் அதிர்ச்சி தரக்கூடியதே.

ஃபியூஸ் எரிகிறது, அல்லது மின்மாற்றி கொதிக்கிறது

புதிதாகக் கட்டிய நகலை முதன்முறை இயக்கும்போது 60 வாட் குண்டு பல்பைத் தொடரில் சேர்த்த சீரிஸ் லாம்ப் வழியாகவே மின்சாரம் கொடுக்க வேண்டும். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்திலேயே நின்றால் எங்கோ குறுக்குச்சுற்று. எல்லா வால்வுகளையும் கழற்றியும் பல்பு மங்கவில்லையென்றால் டயோடு திசை மாறியிருக்கலாம், அல்லது எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியின் முனைகள் மாறியிருக்கலாம். வால்வு போட்ட பிறகுதான் பல்பு எரிகிறது என்றால் 6ஏக்யூ5-இன் சாக்கெட்டை முதலில் பாருங்கள். மற்ற மூன்றும் ஒன்பது கால் வால்வுகளாக இருக்க, இது மட்டும் ஏழு கால் வால்வு என்பதால் கால்களை எண்ணுவதில் பிசகு நேர்வது சகஜம்.

அமெரிக்காவிலிருந்து வந்த பழைய மின்மாற்றியை, நம் 230 வோல்ட்டை 120 ஆகக் குறைத்துக்கொடுத்து இயக்குபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மின்னழுத்தம் சரியாக இருந்தாலும், 60 ஹெர்ட்ஸுக்காகச் சுற்றப்பட்ட மின்மாற்றி 50 ஹெர்ட்ஸில் ஓடும்போது அதன் இரும்பில் காந்தப்பாயம் ஐந்தில் ஒரு பங்கு கூடுகிறது. கூடுதல் சூடு அதனால் வருவது. நகலுக்கென வாங்குபவர் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸுக்குச் சுற்றிய மின்மாற்றியையே கேட்டு வாங்கிவிடுவது நல்லது. ஹீட்டர்களுக்கு மட்டும் 6.3 வோல்ட்டில் இரண்டு 12ஏஎக்ஸ்7-க்கு 0.6 ஆம்பியர், 12பிஎச்7-க்கு 0.6 ஆம்பியர், 6ஏக்யூ5-க்கு 0.45 ஆம்பியர் என மொத்தம் 1.65 ஆம்பியர் வேண்டும். மீட்டர் விளக்கு தனிக் கணக்கு.

இரைச்சலாக உறுமுகிறது

உறுமலைச் செவியால் வகைபிரிக்கப் பழகிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. தாழ்ந்து உருண்டு வரும் 50 ஹெர்ட்ஸ் உறுமல், ஹீட்டர் கம்பிகளிலிருந்தோ எர்த் வளையத்திலிருந்தோ மின்மாற்றியின் காந்தப்புலத்திலிருந்தோ வருகிறது. அதைவிடச் சற்றுக் கூர்மையான 100 ஹெர்ட்ஸ் உறுமல், வடிகட்டும் மின்தேக்கிகள் தம் வேலையைச் செய்யாததால் வருகிறது.

அடுத்து கெயின் திருகைச் சுழியத்துக்குக் கொண்டுவாருங்கள். உறுமல் மறைந்தால் அது கெயினுக்கு முன்னால், பெரும்பாலும் உள்ளீட்டு மின்மாற்றியில் நுழைகிறது. 600 ஓமை 50,000 ஓமுக்கு உயர்த்தும் இந்த மின்மாற்றி மின்னழுத்தத்தை ஏறத்தாழ ஒன்பது மடங்காக்குவதால், மின்வழங்கு மின்மாற்றியிலிருந்து தப்பி வரும் சிறு காந்தப்புலத்தையும் அதே போலப் பெருக்கித் தந்துவிடும். போல்ட்டைத் தளர்த்தி, கருவி இயங்கிக்கொண்டிருக்கையில் காப்பிட்ட பிடியால் மின்மாற்றியை மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் உறுமல் தேய்ந்து போகும். அந்தக் கோணத்திலேயே இறுக்கிவிடலாம். நகல் எடுப்பவர்கள் இடத்தை மிச்சம் பிடிக்க இரண்டையும் அருகருகே வைத்துவிடுவதே இந்தக் கோளாறின் மூலம்; இரண்டையும் சேசிஸின் எதிரெதிர் முனைகளில் வைத்தால் திருப்பிப் பார்க்கும் தேவையே எழாது.

கெயினைச் சுழியமாக்கியும் உறுமல் நிற்கவில்லையென்றால் 12பிஎச்7-ஐச் சந்தேகியுங்கள். அடுக்கின் மேல் பகுதியில் எலக்ட்ரான்களை உமிழும் முனையான கேத்தோடு, உயர் மின்னழுத்தத்தில் ஏறக்குறையப் பாதி அளவில் மிதக்கிறது. ஹீட்டரோ எர்த்தை ஒட்டி இருக்கிறது. இந்த இடைவெளியைத் தாங்க முடியாத தளர்ந்த வால்வில் ஹீட்டருக்கும் கேத்தோடுக்கும் இடையே கசிவு ஏற்பட்டு, உறுமலும் சில நேரம் வெடிப்பொலியும் வரும். வேறொரு 12பிஎச்7-ஐப் போட்டுப் பார்ப்பதே இதற்கு விரைவான சோதனை.

ஒலியே இல்லை, அல்லது மெலிந்து வருகிறது

ஹீட்டர்கள் மங்கலாக எரிகின்றனவா என்று முதலில் பாருங்கள். 12ஏஎக்ஸ்7, 12பிஎச்7 இரண்டிலும் 4, 5 ஆகிய கால்களைச் சேர்த்து ஒரு முனையாகவும், 9-ஆம் காலை மறு முனையாகவும் கொண்டு 6.3 வோல்ட் தர வேண்டும். 4-க்கும் 5-க்கும் இடையே 6.3 வோல்ட் கொடுத்துவிட்டால் ஹீட்டர் பாதி மின்னழுத்தத்தில் அரைகுறையாகச் சூடாகி, ஒலி வரும், ஆனால் மெலிந்தும் சிதைந்தும் வரும்.

ஹீட்டர் சரியென்றால் அடுத்தது, எலக்ட்ரான்களைப் பெறும் முனையான பிளேட். பிளேட் மின்தடையில் விழும் மின்னழுத்தத்தை அதன் மதிப்பால் வகுத்தால் வால்வின் மின்னோட்டம் கிடைக்கும். கேத்தோடு மின்தடையிலும் அதே கணக்கைப் போட்டால் அதே விடை வர வேண்டும். 100 கிலோ ஓம் மின்தடையில் 80 வோல்ட் விழுந்தால் 0.8 மில்லி ஆம்பியர், அது 12ஏஎக்ஸ்7-க்கு இயல்பான அளவு. இரண்டு விடைகளும் பொருந்தாவிட்டால் இரண்டு மின்தடைகளில் ஒன்றின் மதிப்புத் தவறு. எதுவுமே விழவில்லையென்றால் வால்வு கடத்தவில்லை. 12பிஎச்7-இல் இரு பகுதிகளும் சந்திக்கும் புள்ளி உயர் மின்னழுத்தத்தின் பாதியை ஒட்டி நிற்க வேண்டும்; அது முழுதாக மேலேறியோ கீழிறங்கியோ நின்றால் இரண்டில் ஒரு பகுதி வேலை செய்யவில்லை.

எல்லா மின்னழுத்தங்களும் சரியாக இருந்தும் மட்டம் குறைவாக இருந்தால் மின்மாற்றியின் முனைகளைச் சரிபாருங்கள். பழைய யுடிசி வகைகளில் ஒரே சுருளில் பல மின்மறுப்புகளுக்கான முனைகள் இருந்ததால், 600 ஓமுக்குப் பதில் வேறொன்றில் இணைத்துவிடுவது எளிது.

ஊளையிடுகிறது, அல்லது பட்பட் என்று துடிக்கிறது

பின்னூட்டத்தை வெளியீட்டு மின்மாற்றியின் பின்சுருளிலிருந்து எடுக்கும் வரைபடத்தைப் பின்பற்றியிருந்தால், அந்தச் சுருளின் இரு முனைகளையும் மாற்றிப் போட்டதும் ஊளை நின்றுவிடும். மோட்டார் படகு போலத் துடிக்கும் ஒலி, நிலைகளுக்கு இடையே உயர் மின்னழுத்தத்தைப் பிரித்து வடிகட்டும் மின்தேக்கிகளில் ஒன்று திறந்துபோனதைக் காட்டுகிறது. நல்ல மின்தேக்கி ஒன்றை ஒவ்வொன்றோடும் இணையாக வைத்துப் பார்த்தால் குற்றவாளி தெரியும். வைப்பதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தி வடிக்க மறக்க வேண்டாம்.

அமுக்கமே நிகழவில்லை

நகல்களில் அதிகம் காணப்படும் கோளாறு இது. பீக் ரிடக்‌ஷனை முழுதாகத் திருப்பியும் ஒலி தாழவில்லை, மீட்டர் முள்ளும் அசையவில்லை என்றால், ஒளிப்பாதையைப் பின்னாலிருந்து முன்னால் வர வேண்டும்.

முதலில் டி4-ஐக் கழற்றி, ஒளி உணர் மின்தடைகள் இரண்டையும் அவற்றுக்குரிய கால்களில் அளங்கள். மூடியிட்டு இருட்டில் வைத்தால் மதிப்பு மெல்ல மெல்ல ஏறி மெகா ஓம்களுக்குப் போக வேண்டும். மூடியைத் திறந்து விளக்கைக் காட்டினால் சட்டென்று விழ வேண்டும். ஏறுவதற்கு நேரம் எடுப்பது கோளாறு அன்று; காட்மியம் சல்ஃபைடின் இயல்பே அதுதான். 40 டெசிபல் அமுக்கம் என்றால் ஒலி நூறில் ஒரு பங்காகிறது என்று பொருள். ஆகவே வெளிச்சத்தில் இந்த மின்தடை, அதற்கு முன்னால் உள்ள தொடர் மின்தடையின் நூறில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட இறங்கியாக வேண்டும். அவ்வளவு இறங்காத மலிவான ஒளி உணர் மின்தடையைப் போட்டவர்கள்தான் "கொஞ்சம் அமுக்குகிறது, அதற்கு மேல் போகவில்லை" என்று சொல்கிறார்கள்.

மின்தடைகள் நன்றாக இருந்தால் தகட்டைப் பாருங்கள். 400 ஹெர்ட்ஸ் சோதனை ஒலியை உள்ளே அனுப்பி, அறையை இருட்டாக்கி, மூடி திறந்த டி4-ஐத் தொடாமல் கவனித்தால் மங்கலான பச்சை ஒளி தெரிய வேண்டும். பிழை தேடும் அலுப்புக்கு நடுவில் பார்க்க மிக அழகான காட்சி அது. ஒளி இல்லையென்றால் தகட்டின் முனைகளில் மாறுமின்னழுத்தத்தை அளங்கள். சாதாரண மல்டிமீட்டர்கள் பலவும் சில நூறு ஹெர்ட்ஸுக்கு மேல் மாறுமின்னழுத்தத்தைச் சரியாகக் காட்டுவதில்லை. ஆஸிலாஸ்கோப் இல்லாதவர்கள் சோதனை ஒலியை 400 ஹெர்ட்ஸிலேயே வைக்கச் சொல்வது அதனால்தான். பல பத்து வோல்ட் இருந்தும் தகடு எரியவில்லையென்றால் தகடு முடிந்துவிட்டது: மின்னொளிர் பூச்சு, எரிந்த மணிநேரத்தாலும் ஈரத்தாலும் மங்கிக்கொண்டே போகும் பொருள். மின்னழுத்தமே வரவில்லையென்றால் 6ஏக்யூ5-இன் பிளேட், திரை, கேத்தோடு மின்னழுத்தங்கள், பிளேட்டிலிருந்து தகட்டுக்குப் போகும் இணைப்பு மின்தேக்கி, அதற்கு முந்தைய 12ஏஎக்ஸ்7 என்று பின்னோக்கி வர வேண்டும். 6ஏக்யூ5 கிடைக்காதவர்கள் அதன் ஐரோப்பியப் பெயரான இஎல்90-ஐத் தேடலாம், இரண்டும் ஒன்றே.

ஒலி வராத நேரத்திலும் அமுக்கம் நீடிக்கிறது

இதுவே என்னை ஒரு வாரம் அலைக்கழித்த கோளாறு. மீட்டர் முள் சுழியத்துக்கு வர மறுக்கும், மட்டம் சில டெசிபல் குறைந்தே இருக்கும், வால்வுகளை மாற்றினாலும் பயன் இராது. காரணங்கள் இரண்டு, இரண்டும் வெளிச்சம் சம்பந்தப்பட்டவை.

ஒன்று, டி4-க்குள் வெளியிலிருந்து வெளிச்சம் கசிவது. வீட்டில் செய்த டி4-இல் மூடியின் விளிம்போ கால்கள் வெளியேறும் துளையோ முழுதாக அடைபடாமல் இருந்தால், அறை விளக்கு மட்டுமல்லாமல் அருகிலிருக்கும் வால்வு ஹீட்டரின் செந்நிற ஒளியே போதும். கறுப்புத் துணியால் டி4-ஐப் போர்த்திச் சில நிமிடங்கள் காத்திருந்து பாருங்கள். மட்டம் ஏறினால் கசிவு உறுதி. என் நகலில் அடிப்பக்கத்தில் ஒரு மயிரிழைத் துளைதான் இருந்தது. கறுப்பு சிலிகான் பூசி அடைத்ததும் தீர்ந்தது. வெள்ளைப் பசை ஒளியைக் கடத்தும் என்பதால் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

மற்றொன்று நுட்பமானது. ஒளிப்பாதையில் டயோடு இல்லாததால், தகட்டுக்கு வரும் எந்த மாறுமின்னழுத்தமும், அது பாட்டானாலும் உறுமலானாலும், ஒளியாகிவிடும். 6ஏக்யூ5-இன் உயர் மின்னழுத்தத்தில் 100 ஹெர்ட்ஸ் அலை மிச்சமிருந்தால் தகடு நொடிக்கு நொடி மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும். ஒலிப்பாதை சுத்தமாக இருப்பதால் காதில் உறுமல் கேட்காது. பீக் ரிடக்‌ஷனைச் சுழியமாக்கியும் முள் நகரவில்லை, 6ஏக்யூ5-ஐக் கழற்றியதும் சரியாகிறது என்றால் இதுதான். கழற்றும்போது உயர் மின்னழுத்தம் சற்று ஏறும் என்பதால் சோதனையை நீட்டிக்க வேண்டாம்.

"ச" ஒலிகளில் மட்டும் பாய்ந்து அமுக்குகிறது

ஆர்37 என்னும் சிறு திருகு பெரும்பாலும் இதற்குக் காரணம். அமெரிக்கப் பண்பலை ஒலிபரப்பில் 75 மைக்ரோ நொடி முன்னழுத்தம் (ப்ரீ-எம்ஃபஸிஸ்) உயர் அதிர்வெண்களை 15 கிலோ ஹெர்ட்ஸில் 17 டெசிபல் வரை தூக்கிவிடுவதால், அந்த அதிர்வெண்களில் கருவி முன்கூட்டியே விழித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்காக வைக்கப்பட்ட திருகு இது. பதிவுக்கூட வேலைக்கு அதைக் கடிகார திசையில் முழுதாகத் திருப்பி, எல்லா அதிர்வெண்களுக்கும் சமமாக வைக்கலாம்.

கம்ப்ரஸ், லிமிட் என்ற சுவிட்சைத் தட்டினால் பெரிய வேறுபாடு கேட்கவில்லை என்று சிலர் மனம் தளர்கிறார்கள். குறைந்த அமுக்கத்தில் அசல் கருவியிலும் அந்த வேறுபாடு மெல்லியதே. அதைத் தேடிச் சுற்றைக் கலைக்க வேண்டாம்.

ஒலி அமுங்குகிறது, முள் வேறு கதை சொல்கிறது

டி4-க்குள் ஒரே தகட்டின் வெளிச்சத்தில் இரண்டு ஒளி உணர் மின்தடைகள் இருக்கின்றன: ஒன்று ஒலிக்கு, மற்றொன்று மீட்டருக்கு. இரண்டும் ஒரே போல இறங்காவிட்டால் மீட்டர் பொய் சொல்லும். ஆகவே மின்தடைகளை ஒரு கைப்பிடியாக வாங்கி, ஒரே வெளிச்சத்தில் அளந்து, குறைந்தது இரண்டு மூன்று ஒளிமட்டங்களில் ஒத்துப்போகும் ஜோடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சுழியத் திருகைக் கருவி நன்றாகச் சூடான பிறகே தொட வேண்டும்.

விடுவிப்பு வேகம் சரியில்லை

அசலில் அமுக்கம் ஏறத்தாழ 10 மில்லி நொடியில் தொடங்குகிறது. விடுவிப்பு, அதாவது அமுங்கிய ஒலி பழைய மட்டத்துக்கு மீள்வது, இரு கட்டமாக நடக்கிறது: பாதி அளவு 60 மில்லி நொடியில் மீள, எஞ்சியது, எவ்வளவு நேரம் எவ்வளவு வலுவாக ஒளி பட்டது என்பதைப் பொறுத்து அரை நொடியிலிருந்து பல நொடிகள் வரை இழுக்கும். மின்தடையின் இந்த நினைவே கருவியின் குணம். தகட்டுக்குப் பதில் எல்இடி வைத்த நகல்களில் இது மாறிவிடுகிறது. எல்இடி அலையின் ஒரு பாதியில் மட்டும் எரிவதாலும், அதன் நிறம் மின்தடையின் உணர்திறனோடு பொருந்தாததாலும் ஒளியின் அளவே வேறுபடுகிறது. காட்மியம் கலந்த பாகங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்து, தொழில்முறை ஒலிக்கருவிகளுக்குத் தந்திருந்த விலக்கும் 2013 இறுதியில் முடிந்ததிலிருந்து நல்ல மின்தடைகள் அரிதாகிவிட்டன. பழைய இருப்பு கிடைத்தால் கூடுதலாக நாலைந்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நெடுநாள் இருட்டில் கிடந்த டி4, முதல் சில நிமிடங்கள் வேறு விதமாகவே நடந்துகொள்ளும். விடுவிப்பு நேரத்தை அளப்பவர் கருவியை அரை மணி நேரம் பாட்டோடு ஓடவிட்டு, அதன் பிறகு நேரமானியை எடுக்க வேண்டும்.